ரயிலுக்காகப் பிறந்த ரோடியோ

அமெரிக்க மேற்கைக் குடும்பத்தோடு காரில் சுற்றக் கிளம்புகிறவர்கள் பலர், ஜூலைக் கடைசியில் வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகருக்கு நாள் குறிக்கிறார்கள். அங்கு நடக்கும் ரோடியோவை, அதாவது மாடு, குதிரைகளோடு திறமை காட்டும் போட்டிகளை, மாடு மேய்த்த பழைய கௌபாய் வாழ்க்கையின் மிச்சம் என்று நம்புவது எளிது. ஆனால் அது வெளியூர்க்காரர்களை வரவழைக்கவே உருவான விழா. கௌபாய்கள் டெக்சாஸ் மாடுகளைக் கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச்சென்ற பெரும் பயணங்கள் இருபது ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிட்டன. 1874இல் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற முள்கம்பி மேய்ச்சல் வெளியை அடைத்தது. ரயில் பாதையும் மாடுகள் இருந்த இடத்துக்கே வந்தது. ஷையென் விழா தொடங்கியது அதற்குப் பிறகு, 1897இல். யூனியன் பசிபிக் ரயிலுக்குப் பயணிகள் தேவைப்பட்டார்கள், ஊருக்கு வருமானம் தேவைப்பட்டது.

அப்படியானால் எல்லாம் வேஷம்தானா? இல்லை என்பேன். கயிறு வீசிக் கன்றைப் பிடிக்கும் போட்டியில், கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் வீரர் குதிரையிலிருந்து குதித்து ஓடுகிறார். குதிரை தானே பின்வாங்கிக் கயிறு தளராமல் பிடித்துக்கொள்ள, அவர் கன்றைச் சாய்த்து மூன்று கால்களைக் கட்டுகிறார். சூடு போடவும் மருந்து கொடுக்கவும் பண்ணையில் பழகிய வேலை இது. விலங்குக்கு வலிக்காதா என்ற ஆட்சேபம் நியாயமானது. மரபு என்பது அதற்குப் பதிலாகாது. எனக்கு இன்னொரு குறையும் உறுத்துகிறது. இந்தக் கயிற்று வித்தை வாக்கெரோக்கள் எனப்படும் மெக்சிகோ மாடு மேய்ப்பர்களிடமிருந்து வந்தது. காளையைக் கொம்பு பிடித்துச் சாய்க்கும் போட்டியைப் பிரபலமாக்கிய பில் பிக்கெட், மாட்டின் உதட்டைப் பல்லால் கவ்வி அடக்கிய கறுப்பினத்தவர். ஹாலிவுட் படங்கள் இவர்களை நெடுங்காலம் ஓரங்கட்டின. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிக்கெட்டுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் பயணத் திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.