பழைய உடலில் புதிய மூளை



திருகோணமலைத் துறைமுகத்தின் அயலிலே வாழும் அன்புவழிபுரத்து மக்களுக்குக் கப்பல் புதிய காட்சியன்று. சீனன்குடாப் பக்கம் சென்றோர் மரங்களிடையே வரிசை வரிசையாக நிற்கும் பேருருவ எண்ணெய்த் தொட்டிகளையும் கண்டிருப்பர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படை எழுப்பிய தொட்டிகளுள் 99 இன்றும் எஞ்சி நிற்கின்றன. நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெயை நம்பத் தொடங்கிய ஒரு கடற்படையின் மாற்றத்திற்கு அவை சாட்சி.

ஒரு பொறி பழையதாகிவிட்டால் அதனை எறிந்துவிடுவதா, அன்றி உள்ளுறுப்பை மாற்றி வாழவைப்பதா? இவ்வினா நம் காலத்துக் கணினிக்கும் உண்டு; அக்காலத்துக் கப்பலுக்கும் இருந்தது. ஆகவே கப்பலிலிருந்தே தொடங்குவோம்.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது 'வார்ஸ்பைட்' என்னும் போர்க்கப்பல். கீழைக் கடற்படையின் தளபதி சமர்வில் அதனையே தம் கொடிக்கப்பலாகக் கொண்டார். அப்பொழுதே அது முதிய கப்பல். 1913இல் நீரில் இறக்கப்பட்டது. 1916இல் யூட்லாந்துப் போரிலே சுக்கான் சிக்கிக்கொள்ள, பகைவரின் குண்டுமாரிக்கு நடுவே வட்டமிட்டுத் தப்பியது. அத்தகைய கப்பலை 1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத் துறையில் நிறுத்திப் புதுக்கினர். 24 கொதிகலன்களை அகற்றி, ஆற்றல் மிக்க 6 கொதிகலன்களை அமைத்தனர். சுழலிகளும் புதியனவாயின. இயந்திரப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 தொன் எடை குறைந்தது. ஆற்றல் 80,000 குதிரைவலுவாக உயர்ந்தது.

இதயம் மட்டுமன்று, மூளையும் மாற்றப்பட்டது. போர்க்கப்பலுக்கு மூளை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிச் சுட்ட குண்டு அங்கே சென்று விழ ஒரு நிமிடத்தை அண்மித்த நேரம் பிடிக்கும். 25 நொட் வேகத்தில் ஓடும் கப்பலோ ஒரு நிமிடத்தில் சுமார் 770 மீற்றர் நகர்ந்துவிடும். ஆகவே கப்பல் நிற்கும் இடத்தை விட்டு, அது இனி வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைத்தல் வேண்டும். தன் வேகம், பகைவன் வேகம், திசை, தூரம், காற்று ஆகிய அனைத்தையும் இடையறாது கணக்கிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இப்பணியைச் செய்தது டிரேயர் என்னும் கடற்படை அதிகாரியின் பெயர் தாங்கிய கணக்கீட்டு மேசை. புதுக்கிய வார்ஸ்பைட்டிலே அதனினும் மேம்பட்ட 'அட்மிரல்டி' சுடுகட்டுப்பாட்டு மேசை அமர்ந்தது. பற்சக்கரங்களும் சுழல்தட்டுகளும் கொண்ட அது, மாலுமிகள் கைப்பிடிகளைச் சுற்றி ஊட்டிய அளவுகளிலிருந்து பீரங்கியின் ஏற்றத்தையும் திசையையும் கணித்தது. மின்னணுச் சில்லு தோன்றுமுன் தோன்றிய கணினி அது எனலாம். 1940 ஜூலை 9ஆம் நாள், கலபிரியாக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தொலைவிலிருந்த 'ஜூலியோ சேசரே' என்னும் இத்தாலியக் கப்பலை வார்ஸ்பைட்டின் குண்டு தாக்கியது. கடற்போர் வரலாற்றிலே மிக நீண்ட தொலைவுத் தாக்குகளுள் அது ஒன்று.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. இத்தனை புதுமைக்குப் பின்னும் கப்பலின் வேகம் ஏறத்தாழ 24 நொட்டளவிலேயே நின்றது. அதே காலத்தில் புதிதாகக் கட்டப்பட்ட 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்' வகைக் கப்பல்கள் 28 நொட் ஓடின. உள்ளே எத்துணை வலு சேர்த்தாலும், நீரைக் கிழித்துச் செல்ல வேண்டியது பழைய உடலன்றோ!

இந்த உண்மையைக் கணினித் துறைக்கு ஏற்ற கணக்காக 1967இல் எடுத்துரைத்தவர் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அவர் பேசியது பல செயலிகளை ஒருங்கே இயக்குவது பற்றி. எனினும் கணக்கு இங்கும் பொருந்தும். ஒரு வேலைக்கு 10 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அதில் 8 நிமிடம் செயலியின் பங்கு. 2 நிமிடம் நினைவகமும் வட்டும் எடுத்துக்கொள்வன. செயலியின் வேகத்தை நான்கு மடங்காக்கினால் 8 நிமிடம் 2 ஆகும். மொத்தம் 4 நிமிடம். செயலியை எல்லையற்ற வேகமுடையதாக்கினாலும் 2 நிமிடத்திற்குக் கீழே இறங்க இயலாது.

இனி மேசைக் கணினிக்கு வருவோம். 1977இல் வெளிவந்த 'அப்பிள் 2' கணினியிலே துணை அட்டைகளைச் செருகுவதற்குரிய பொருத்துவாய்கள் இருந்தன. 1980இல் 'மைக்ரோசொப்ட்' நிறுவனம் 'சொப்ட்கார்ட்' என்னும் அட்டையை விற்றது. அதன் மேல் 'இசட் 80' என்னும் வேறொரு செயலி இருந்தது. அவ்வட்டையைச் செருகியதும், அப்பொறி தனக்கு உரியதல்லாத நிரல்களையும் ஓட்டத் தொடங்கிற்று. அதன் பின் வேகத்தையே நோக்கமாகக் கொண்ட 'ஆக்சிலரேட்டர் கார்ட்'டுகள், அதாவது வேகமூட்டும் அட்டைகள், பெருகின. 1992இல் வெளிவந்த 'அமிகா 1200' கணினி 14 மெகாஹேர்ட்ஸ் வேகச் செயலியோடு பிறந்தது. அதன் அடிப்புறத்துச் சிறு கதவைத் திறந்து அட்டையொன்றைச் செருகினால், 50 மெகாஹேர்ட்ஸ் வேகத்து 'மோட்டரோலா 68030' செயலி ஆட்சியை ஏற்கும். 1994இல் வந்த 68060 செயலியைத் தாங்கிய அட்டைகளும் பின்னர் எழுந்தன.

அவ்வட்டைகளும் இன்று முதுமை எய்திவிட்டன. ஆர்வலர்கள் இப்பொழுது அட்டையின் செயலியையே கழற்றி, மேலானதொன்றைப் பொருத்துகின்றனர். கதைக்குள் கதை போன்ற வேலை இது. முதலில், சில்லு பொருத்துகூட்டில் இருக்கிறதா, பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என நோக்க வேண்டும். கழற்றுகையில் நாற்புறமும் சிறிது சிறிதாக உயர்த்தாவிடில் ஊசிக்கால்கள் வளையும். பொருத்துகையில் மூலைக்குறி தவறலாகாது. மின்னழுத்தம் அதனினும் முக்கியம். 68040 செயலி 5 வோல்ற்றில் இயங்குவது. 68060க்கு வேண்டியது 3.3 வோல்ற்று. மாற்றமைப்பு இன்றிப் பொருத்துவது, 110 வோல்ற்று விளக்கை 230 வோல்ற்று இணைப்பில் மாட்டுவதற்கு ஒப்பாகும். அன்றியும், 68060 சில பழைய கட்டளைகளைத் தன்னுள் கொண்டிராதபடியால், அவற்றை ஈடுசெய்யும் மென்பொருளும் வேண்டும். சில்லின் மேலுள்ள எழுத்தைச் சுரண்டி உயர்ந்த பெயர் பொறித்து விற்போரும் உளர். வாங்குவோர் விழிப்பாயிருத்தல் நன்று. இவையெல்லாம் செய்த பின்பும், படம் வரையும் நினைவகம் பழைய வேகத்திலேயே ஓடும். வார்ஸ்பைட்டின் உடல் போல.

அவ்வாறாயின் இம்முயற்சியால் யாது பயன்? விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யூனிகோட் என்னும் பொதுக் குறியேட்டின் முதற்பதிப்பு தமிழ் எழுத்துகளுடன் வந்தது 1991இல். அது பரவுவதற்கு முன் கணினியில் தட்டெழுதிய தமிழ் பலவும் வெவ்வேறு எழுத்துருக்களின் தனிக் குறியீடுகளிலே, வளைவட்டுகளிலே கிடக்கின்றது. ஊர்ச் சங்க மலர்களும், கோயிற் கணக்குகளும், அச்சேறாத கையெழுத்துப் படிகளும் அவற்றுள் இருக்கக்கூடும். அவற்றைப் படித்துப் பெயர்த்தெழுத ஓடும் நிலையிலுள்ள பழைய பொறி பேருதவியாகும். அதற்கு வேகம் வேண்டுவதில்லை. ஆனால் செயலியைக் கழற்றவும் பொருத்தவும் அறிந்த கை வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்த மக்கள் நாம். ஏடு நெருப்பால் மட்டும் அழிவதில்லை. படிக்கும் கருவி இல்லாமையாலும் அழியும்.

வார்ஸ்பைட்டின் முடிவையும் கேளுங்கள். 1944 ஜூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையிலும் அதன் பீரங்கிகள் முழங்கின. போர் முடிந்தபின், உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படுகையில் 1947இல் கோர்ன்வால் கரையிலே தரைதட்டிற்று. அங்கேயே கூறு கூறாக்கப்பட்டது. அத்தகைய கணக்கீட்டு மேசையை இன்று காண விரும்புவோர் இலண்டனில் காட்சிக்கு நிற்கும் 'பெல்பாஸ்ட்' கப்பலுக்குச் செல்லலாம். காத்தவர் இருந்தமையால் அது எஞ்சியது.

உங்கள் வீட்டுப் பரணிலோ சங்கக் கட்டடத்தின் மூலையிலோ பழைய கணினியொன்று தூசி படிந்து கிடக்குமாயின், இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை அதன் வட்டுகளைத் திறந்து பாருங்கள். அதனுள்ளே யாருடைய எழுத்து காத்திருக்கின்றதோ!