லேவாதேவியிலிருந்து எஃகுக் குழாய்க்கு

ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் அரம் செய்யும் குடும்பத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் வாரிசுகளான ராய்ன்ஹார்ட், மாக்ஸ் மன்னெஸ்மன் சகோதரர்கள், 1880களில் ஒட்டுத் தையலே இல்லாத எஃகுக் குழாயை உருட்டி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து 1890இல் வங்கிகளின் பணத்தோடு ஒரு பெருநிறுவனம் எழுந்தது. மூன்றே ஆண்டுகளில் சகோதரர்கள் அதன் நிர்வாகத்திலிருந்து வெளியேறினார்கள். குடும்பப் பெயர் பலகையில் இருந்தது. பிடி வேறு கைக்குப் போய்விட்டது.

குழாயைக் கண்டுபிடிக்காத, ஆனால் கைவிடாமல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை சென்னையின் மேற்குப் புறநகரில் இருக்கிறது. பள்ளத்தூர் திவான் பகதூர் அ.மு. முருகப்ப செட்டியார் பதினான்கு வயதில் பர்மாவுக்குத் தொழில் பழகப் போனவர். 1900இல் மோல்மேனில் சொந்தமாக லேவாதேவி தொடங்கினார். அங்கே செட்டியார்களின் தொழில்முறை கறாரானது: சம்பளச்சீட்டு எழுதி மேலாளை மூன்றாண்டுக்கு அனுப்புவார்கள், தவணை முடிந்து திரும்பியதும் கணக்கைத் தீர்ப்பார்கள். முதலாளி ஊரில் இருக்க, பணம் கடல் கடந்து வேலை செய்யும். பிறரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் இந்தப் பழக்கம் பிற்பாடு தொழிற்சாலை நடத்தவும் உதவியது என்றே தோன்றுகிறது.

1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது; தசாப்தத்தின் முடிவில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் இருந்தது. நிலம் சேர்ந்ததே தவிர ரொக்கம் திரும்பவில்லை. முருகப்பா குடும்பம் அந்தத் தசாப்தத்திலேயே தன் முதலீட்டை இந்தியாவுக்கு மாற்றத் தொடங்கியது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். இந்தக் குடும்பமோ அதற்குள் சென்னையில் இரும்புப் பெட்டி செய்துகொண்டிருந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்வதுண்டு. வாராக்கடனை நாளும் பார்த்துப் பழகிய கண் என்றாலே போதும்.

நிறுவனர் 1949இல் காலமானார். அதே ஆண்டு, மூத்த மகன் ஏ.எம்.எம். முருகப்ப செட்டியாரின் தலைமையில், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் உருவானது. அந்தப் பக்கத்துத் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு. 1951இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் வெளிவரத் தொடங்கியது. பால்காரர், தபால்காரர், வாத்தியார் எல்லாரும் மிதித்த 28 அங்குலச் சக்கர வண்டி அது: முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40.

சைக்கிளின் உயிர் அதன் சட்டத்தில், அதாவது குழாயில். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்வரை தொழில் இறக்குமதி உரிமத்தின் தயவில் நிற்கும். ஆகவே 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பிறந்தது. அந்த ஜனவரியில்தான் அதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. தீர்மானமும் தனியார் குழாய் ஆலையும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வந்ததைப் பெரிய முரண்பாடாகப் பார்க்க வேண்டியதில்லை. உள்நாட்டில் செய்பவருக்கு அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடு வேலிபோல அமைந்தது.

குழாய் செய்வதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் எளிமைபோலத் தெரியும். நீளமான எஃகுப் பட்டை வரிசையான உருளைகளுக்கு நடுவே நுழையும். ஒவ்வொரு சோடியும் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க, கடைசியில் இரண்டு ஓரங்களும் முட்டிக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்து அந்த ஓரங்கள் உருகி ஒட்டும். ஒட்டிய இடத்தில் பிதுங்கி நிற்பதைச் சீவி எடுப்பார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், சூடாக்காமலே அச்சுத் துளை வழியாக இழுப்பார்கள். குழாய் மெலிந்து, நீண்டு, உறுதிப்படும். மன்னெஸ்மன் முறையைப் போலன்றி, இங்கே தையல் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது.

இழுத்த குழாய் சைக்கிளுக்கு மட்டுமல்ல, மோட்டார் வாகனத்துக்கும் ஆகும். முக்கியமான விஷயம் அதுதான். 1959இல் சைக்கிளும் குழாயும் இணைந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆனது; 1960இல் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. அதே ஆண்டுகளில் டி.வி.எஸ். குடும்பம் பக்கத்துப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று வாகன உதிரிபாக ஆலைகளை வரிசையாகத் தொடங்கியது. அடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கி ஆலை. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பஸ் நிறுத்தங்களுக்கே டன்லப், பிரிட்டானியா, லூகாஸ் என்று ஆலைப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒப்பிட ஒரு உதாரணம் உண்டு. ஏறக்குறைய இதே காலத்தில், இதேபோல் பிரிட்டிஷ் கூட்டோடு, வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே சைக்கிள் ஆலை எழுந்தது. 1980இல் அது நாட்டுடைமை ஆகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்று பெயர் மாறியது. காரணங்கள் பல இருக்கலாம். சைக்கிள் சந்தை தளர்ந்தாலும் குழாய்க்கு வேறு வாடிக்கையாளர் இருந்தது அம்பத்தூர்க்காரர்களுக்குக் கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் 1965இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அம்பத்தூரில் திறந்த மருத்துவமனைக்குக் குடும்பத்தார் தங்கள் பெயரை வைக்கவில்லை; சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரைச் சூட்டினார்கள். தம்பிகள், பின் அவர்கள் மக்கள் என்று தலைமை கைமாறியது. 1990களுக்குப் பிறகு குடும்பத்துக்கு வெளியேயுள்ள வல்லுநர்களும் மேல்மட்டக் குழுவில் அமர்ந்தார்கள்.

ஆனால் அந்த வரிசையில் மகள்களுக்கு இடமில்லை. முருகப்பா குழுமத்தின் முன்னாள் செயல் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருடைய மகள் வள்ளி அருணாசலம் அமெரிக்காவில் அணுப் பொறியியல் படித்தவர். குடும்ப முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் பெரும்பான்மை வாக்கில் அதை நிராகரித்தார்கள். வழக்கு தீர்ப்பாயம்வரை போய், 2023 ஆகஸ்டில் சமரசம் அறிவிக்கப்பட்டது. மன்னெஸ்மன் சகோதரர்களை வெளியேற்றியது வங்கிப் பணம். இங்கே வாசலில் நிறுத்தியவர்கள் சொந்தப் பங்காளிகள்.