சுகர் இருக்கும் பெண்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் அடிக்கடி வருவது ஏன்?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். போய்விட்டு வந்த பத்தாவது நிமிடமே மறுபடியும் போகணும் என்ற அவசரம். நம்ம வீடுகளில் இதை 'உடம்பு சூடு', 'நீர்க்கடுப்பு' என்று சொல்லி, இளநீர் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். சர்க்கரை நோய் இருக்கும் பெண்ணுக்கு இது திரும்பத் திரும்ப வந்தால் அப்படி விட்டுவிட முடியாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

உடலமைப்புதான் முதல் காரணம். ஆண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு 4 செ.மீ.தான். ஆசனவாயும் பக்கத்திலேயே இருப்பதால், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா எளிதாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்தின் இயற்கைப் பாதுகாப்பும் குறைகிறது. சுகர் அதிகம் காணப்படுவதும் அந்த வயதில்தான்.

சுகர் என்ன செய்கிறது?

ரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால் சிறுநீரிலும் இறங்க ஆரம்பிக்கும். கிருமிக்கு அது தீனி. அதே நேரம், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வேகமும் குறைகிறது.

பலரும் கவனிக்காத விஷயம் நரம்பு பாதிப்பு. பல வருஷ சுகர் கால் நரம்பை மரத்துப்போகச் செய்வது தெரியும். சிறுநீர்ப்பை நரம்புக்கும் அதே கதிதான். பை நிறைந்ததே தெரியாது. முழுசா போயிட்டோம்னு நினைப்போம், ஆனால் கொஞ்சம் உள்ளேயே தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகாமல் இருக்குமா? பஸ்ஸிலும் வேலை இடத்திலும் சுத்தமான கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் அடக்கி வைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இதில் பெண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இவற்றால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெஸ்ட் எப்போது?

சுகர் ஏறினாலே அடிக்கடி சிறுநீர் வரும். கூடவே எரிச்சல், அடிவயிற்று வலி இருந்தால் தொற்றாக இருக்கலாம். யூரின் கல்ச்சர் முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பது அதில்தான் தெரியும். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடுவதும், எரிச்சல் நின்றதும் பாதியில் விடுவதும் கூடாது. தொந்தரவே இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் பாக்டீரியா இருந்தால், கர்ப்பிணிகளைத் தவிர பெரும்பாலானவர்களுக்கு மருந்து தேவைப்படாது.

நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி இருந்தால் தொற்று கிட்னிக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், காலையில் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட வேண்டாம்.