சிறைக்குள் ஓர் இலக்கண ஆராய்ச்சி

ரென் அண்ட் மார்ட்டின் வைத்து ஆங்கிலம் படித்தவர்களுக்கு ‘கஞ்சங்ஷன்’ நினைவிருக்கும். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, ‘பட்’, ‘இஃப்’, ‘தட்’ என்று ஏதாவது ஒன்றைப் போட்டு ஒன்றாக்கச் சொல்வார்கள். இந்தச் சின்னச் சொற்களைப் பற்றிச் சிறையில் உட்கார்ந்து எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. பெயர் ஜான் ஹார்ன் டூக்.

பாதிரியாராக இருந்து அரசியலில் இறங்கியவர். 1775 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய இடங்களில் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிக்குப் பலர் பலியானார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்காக 100 பவுண்டு திரட்டி, பெஞ்சமின் பிராங்ளினிடம் சேர்ப்பதாக ஹார்ன் டூக் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தார். மன்னரின் படை செய்தது கொலை என்று அதில் எழுதியிருந்தார். விடுவார்களா? 1777-இல் அவதூறு வழக்கு. நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. ஓராண்டு சிறை, 200 பவுண்டு அபராதம்.

குற்றப்பத்திரிகையில் நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். அதற்கு எதிராக ஒரு பழைய வழக்கு காட்டப்பட்டது. ‘க்ரூக் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தும் அவள் இப்படிச் செய்தாள்’ என்பது அந்த வழக்கின் வாசகம். குற்றச்சாட்டு இருந்ததைத் தனியாகச் சொல்லவில்லையே என்ற ஆட்சேபம் அங்கே எடுபடவில்லை.

ஹார்ன் டூக் அந்த வாக்கியத்தைப் பிரித்துக் காட்டினார். இணைப்புச் சொல்லாக வரும் ‘தட்’, ‘அது’ என்ற பொருள் தரும் சுட்டுச்சொல்லேதான் என்றார். அப்படியானால் வாசகம் இப்படி ஆகிறது: ‘க்ரூக் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, அது தெரிந்தும் அவள் செய்தாள்.’ அங்கே நேரான கூற்று இருக்கிறது, என் வழக்கில் அது இல்லை என்றார். வழக்கறிஞர் ஜான் டன்னிங்குக்குக் கடிதமாக எழுதிய இந்த ஆராய்ச்சி 1778-இல் அச்சேறியது. தண்டனை மட்டும் மாறவில்லை.

1786-இல் இதையே விரித்து, பர்லி என்னும் ஊரின் பெயரால் ஒரு பெரிய நூல் எழுதினார். இணைப்புச் சொற்கள் எல்லாம் ஒரு காலத்தில் பெயராகவோ வினையாகவோ இருந்து தேய்ந்தவை என்பது அதன் சாரம். ‘கொடு’ என்ற பொருளுள்ள ‘கிவ்’தான் ‘இஃப்’ ஆயிற்று என்றார். பின்னால் வந்த அறிஞர்கள் அது தவறு என்றார்கள். ‘வெளியே’ என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து ‘பட்’ வந்தது என்றதும், ‘தட்’ பற்றிச் சொன்னதும் நிலைத்துவிட்டன.

அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! நம் ‘ஆனால்’, ‘ஆகையால்’ இரண்டிலும் ‘ஆ’ என்னும் வினை அப்படியே இருக்கிறது. ‘என்று’, ‘எனவே’, ‘ஏனென்றால்’ மூன்றிலும் சொல்வதைக் குறிக்கும் ‘என்’ இருக்கிறது. ‘என’, ‘என்று’ இரண்டையும் தொல்காப்பியம் இடையியலில் வைத்தாலும், வினை உள்ளிருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அவர் பாடுபட்டுத் தோண்டியதை நாம் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பேரன் பேத்திகளுக்குக் கஞ்சங்ஷன் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.