முத்தும் கொலையும் கல்வெட்டும்

1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து புறப்பட்ட மரக்கலமொன்று இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் வந்தவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. அவர் பத்தாலா என்று குறித்த பட்டினம் நமது புத்தளமே என்பர் அறிஞர். கரையில் கறுவா மரங்கள் ஒதுங்கிக் கிடந்தன என்று எழுதுகிறார். ஆரியச்சக்கரவர்த்தியின் முன்னிலையில் சலாபத்து முத்துக்கள் குவிந்திருந்தன. இவற்றினும் சிறந்தவற்றைக் கண்டதுண்டா என மன்னன் வினவ, இல்லையென்றார் விருந்தினர். உடனே அம்முத்துக்கள் அவருக்கே உரியவாயின! பாவாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் ஆட்களும் கிடைத்தன.

பின்னர் இந்தியாவின் மேலைக்கடலில், ஹொன்னாவருக்குத் தெற்கே, பன்னிரண்டு போர்க்கப்பல்கள் அவரைச் சூழ்ந்தன. இலங்கை மன்னன் அளித்த மணிகளும் பிறவும் கொள்ளை போயின, கீழாடையொன்றே மிஞ்சியது. வரலாற்று மர்ம நாவல் எழுத விரும்புவோர் வேறு கரு தேடி அலைய வேண்டியதில்லை.

இத்தகைய நாவல்களில் ஈழத்தவர் கொண்ட ஆர்வம் நேற்றுத் தோன்றியதன்று. கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை', களவாடப்பட்ட குழந்தையொன்றின் வரலாறு. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி', நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படுவது. தமிழகத்திலோ ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களால் வாசகர் உறக்கத்தைக் கெடுத்தனர். பெரியோர் அவற்றைப் பழித்தனர்; பழித்தவர்களுள் எத்தனை பேர் மறைவில் வாசித்தனரோ!

வரலாறு, துப்பறிதல் என்னும் இரு ஆறுகளும் கலந்த இடம் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அக்கதையின் ஒரு பகுதி ஈழத்திலேயே நிகழ்கிறது. ஆயினும் அதன் நெஞ்சு ஆதித்த கரிகாலன் கொலை. அது கற்பனையன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது.

சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. அக்கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. கொலைக்கும் அதற்கும் இடையில் உத்தம சோழன் ஆண்ட காலம் கிடக்கிறது. கொலையாளிகள் அத்தனை காலமும் வாளா விடப்பட்டனரா? அங்ஙனமாயின் உத்தமனுக்கும் அதில் பங்குண்டோ? நீலகண்ட சாஸ்திரியார் அவ்வையத்தை எழுப்பினார். பிறர் மறுத்தனர்: கல்வெட்டு சொல்வது நிலத்தின் கைமாற்றத்தையே, தண்டனை முன்னரே நிறைவேறியிருக்கலாம் என்றனர். மறுத்தோர் வாதமே வலிதாகத் தோன்றுகிறது. பத்திரம் எழுதப்பட்ட நாளைக் கொண்டு குற்றம் விசாரிக்கப்பட்ட நாளை உறுதி செய்தல் இயலாது. இன்றைய நீதிமன்றங்களும் அதனை ஒப்பா.

கல்கி இச்சிக்கலை அறிந்தே கதை செய்தார். வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. கத்தியை எறிந்த கை எது என்பதைத் திட்டமாகச் சொல்லாமலே நூலை முடிக்கிறார். துப்பறியும் நாவலின் விதிப்படி அது குறையாகலாம். கல்லே சொல்லாததைத் தாமும் சொல்லாது விட்டமை, வரலாற்றுக்கு அவர் காட்டிய மரியாதை. அக்கல்லிலோ, துரோகிகள் மட்டுமன்றி அவர்தம் உறவினர் உடைமைகளும் பறிமுதலான செய்தி இன்றும் வாசிக்கக் கிடக்கிறது.