வாயுத் தெருவிளக்குகள்: மீட்டெடுப்பும் உதிரிபாகங்களும்

நிலக்கரி வாயுவுக்காக அமைக்கப்பட்ட பழைய தெருவிளக்குகளைப் பழுது நீக்கி மீண்டும் வாயுச் சுடரிலேயே எரியவைப்பது ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் இன்றும் நடைபெறும் கைத்தொழில். லண்டனின் பால்மால் தெருவில் 1807இல் ஃபிரெடரிக் ஆல்பர்ட் வின்சர் வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். பெர்லினின் உன்டர் டென் லிண்டன் சாலைக்கு 1826இல் வாயுவொளி வந்தது. மின்விளக்கு பரவிய பின்னும் இவ்விரு நகரங்களும் வாயுவை முழுவதும் கைவிடவில்லை. லண்டனில் ஏறக்குறைய 1,500 விளக்குகள் எஞ்சின. பெர்லினிலோ 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன. உலகிலுள்ள வாயுத் தெருவிளக்குகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நகரில் எரிந்தன. பாஸ்டன், டுஸ்ஸல்டார்ஃப், பிராக் ஆகிய நகரங்களிலும் இவற்றைக் காணலாம்.

மேண்டில்

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றிப் பழகிய தமிழருக்கு இந்த விளக்கின் உயிர்நாடி எதுவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை வலைப் பையை பர்னரில் கட்டி, ஒருமுறை எரித்துச் சாம்பலாக்கி, அதன்பின் விரல் படாமல் காக்க வேண்டிய அதே மேண்டில்தான் லண்டன் தெருவிளக்கிலும் இருக்கிறது. தொடக்ககால வாயு விளக்குகள் மேண்டில் இல்லாத மஞ்சள் சுடர்கள், வெளிச்சம் குறைவு. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் மேண்டில்கள் பச்சை சாயலோடு மங்கலாக எரிந்தன. 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட கலவையை அவர் 1891இல் கண்டடைந்த பிறகே அந்தத் தூய வெண்ணொளி கிடைத்தது. நூல் எரிந்துபோக, அதன் வடிவிலேயே ஆக்சைடு எலும்புக்கூடாக நிற்கும். சுடரின் வெப்பத்தில் ஒளிர்வது அதுவே.

அந்தத் தோரியத்தின் வழியாக இவ்வரலாறு குமரிக் கரையையும் தொடுகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. அன்று அந்த மணலுக்குச் சந்தை தந்தவை மேண்டில்களே.

தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால் பிற்காலத்தில் பல உற்பத்தியாளர்கள் யிட்ரியம் கலவைக்கு மாறினர். பழைய கையிருப்பு மேண்டில்களைக் கையாள்வோர் உடைந்த தூளை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பமும் கூடும்

கம்பங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. நூறாண்டுப் பெயின்ட் அடுக்கடுக்காகப் படிந்து அச்சின் நுண்வேலைப்பாட்டை மூடியிருக்கும்; அடி அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் உலர் தேய்ப்பு கூடாது. அரச முத்திரையும் வார்ப்பாலையின் பெயரும் வெளிவருவது இந்தப் பெயின்டை நீக்கும்போதுதான். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழக்கூடும். ஆகவே தேர்ந்தவர்கள் சூடேற்றாமல், விரிசலின் குறுக்கே உலோகத் தையலிட்டு இணைக்கிறார்கள். முழுத் துண்டே தொலைந்திருந்தால் புதிதாக வார்க்க வேண்டும். உருகிய இரும்பு குளிரும்போது சுருங்குவதால், பழைய துண்டையே மாதிரியாக வைத்து வார்த்தால் ஒரு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் குறைந்து வரும். பக்கத்துத் துண்டோடு பொருந்தாது. அந்தக் கணக்கைச் சேர்த்து மர மாதிரி செதுக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர்.

லண்டனின் கார்ட்டிங் லேனில் உள்ள சாக்கடை வாயு விளக்கு இவ்வேலையின் நல்ல சான்று. ஜோசப் வெப் என்பவரின் காப்புரிமை வடிவமைப்பு அது. சாக்கடை வாயுவை எரிபொருளாகக் கொண்டது என்று பலரும் சொல்வது சரியல்ல: நகர வாயுவில் எரியும் சுடரின் வெப்பம், கீழே தேங்கிய வாயுவை மேலே இழுத்து எரித்துவிடும். பின்னோக்கி வந்த லாரி ஒன்று இடித்துச் சாய்த்த பின், அது மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டது.

பாகங்கள் கிடைக்கும் வழி

பிரிட்டன் 1967 முதல் 1977 வரை நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. பெர்லினில் இம்மாற்றம் 1996இல் முடிந்தது. இயற்கை எரிவாயுவின் எரிதிறன் ஏறக்குறைய இருமடங்கு. எனவே, பழைய விளக்கொன்றைக் கண்டெடுத்து அப்படியே குழாயில் இணைக்க முடியாது. ஜெட் துளையின் அளவையும் காற்று புகும் வழியையும் மாற்றியாக வேண்டும், இல்லையெனில் மேண்டில் கரி பிடித்துக் கருகும். பித்தளைப் பாகங்களின் மரைகள் இன்றைய கடைச் சரக்கோடு சேராதபோது, கடைசல் எந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைவதே வழி.

லண்டன் விளக்குகள் பலவற்றில் கடிகார முறை டைமர் உண்டு. அதற்கு 14 நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். எப்போதும் எரியும் சிறு பைலட் சுடரிலிருந்து மாலையில் மேண்டில்கள் பற்றிக்கொள்ளும். பெர்லின் விளக்குகளின் ஒரு பகுதியில், குழாயிலுள்ள வாயுவின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் தானே திறக்கும் வால்வுகள் இருந்தன. இத்தகைய பொறிகளை இன்று யாரும் பெருமளவில் செய்வதில்லை. சாலையிலிருந்து கழற்றப்படும் விளக்குகளே இவற்றுக்குரிய களஞ்சியம்.

எல்ஈடிக்கு மாற்றும் முயற்சிகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பெர்லின் ஆயிரக்கணக்கான விளக்குகளை மின்சாரத்துக்கு மாற்றியது. அந்நகரின் வாயுவொளி 2014இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகரமன்றம் அத்தகைய திட்டத்தை அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்து, பெரும்பாலான விளக்குகளை வாயுவிலேயே தொடர முடிவானது. எரிபொருள் செலவு, கரியமில வாயு பற்றிய நகரமன்றங்களின் வாதம் நியாயமானது. ஆயினும் கூட்டை மட்டும் வைத்துச் சுடரை எடுத்துவிட்டால் எஞ்சுவது அலங்காரக் கம்பமே. மாற்றியே ஆக வேண்டிய இடங்களிலாவது, கழற்றிய பர்னர், வால்வு, டைமர் ஆகியவற்றைப் பழைய இரும்போடு எடைக்குப் போடாமல், எந்தத் தெருவின் எந்தக் கம்பத்துக்குரியது என்று குறித்துச் சேமித்து வைக்க வேண்டும்.