ஹக்கலை: மருந்துக்காக வளர்ந்த பூங்கா

அக்கரப்பத்தனையில் 'தோட்டம்' என்றால் தேயிலையும் லயமும் பிரட்டுக்களமும்தான். பூக்களைக் காண நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள ஹக்கலைக்குச் செல்லவேண்டும். ஏப்ரல் வசந்தத்தில் அங்கே ரோஜாக்கள் மலரும். மழைமாதங்களில் பன்னங்கள் தழைத்திருக்கும்.

ஆயினும் 1861இல் அப்பூங்கா அழகுக்காக அமைக்கப்படவில்லை. மலேரியாவுக்குரிய கொயினா மருந்தைத் தரும் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டுப் பார்க்கவே ஆங்கிலேயர் அதனை நிறுவினர். 1869இல் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியபின் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். அதன் விலை வீழ்ந்ததும் தேயிலைக்கு மாறினர்.

பயிர்கள் மாறின, உழைத்த கைகள் மாறவில்லை. அவை தமிழகத்திலிருந்து வந்தோரின் கைகள். அவர்களது வழித்தோன்றல்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஹக்கலைக்குச் செல்வோர் மலர்களோடு இதனையும் நினைவிற்கொள்வது நன்று.